கெடு முடியுமுன் வீட்டைக் காலி செய்தால்...

பதினொரு மாதத்துக்கு என்று எழுதிக் கையொப்பமிட்டுக் குடிவந்தவர், ஐந்தாம் மாதக் கடைசியில் வந்து நிற்கிறார். "பாய், வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. வீட்டைக் காலி செய்கிறேன். அட்வான்ஸைத் தந்துவிடுங்கள்" என்கிறார். "பதினொரு மாதம் என்றுதானே எழுதியிருக்கிறோம்? மீதி ஆறு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சம் இருந்தால் தருகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வதைக் கேட்டால் அது நியாயமாகப் படுகிறது. இவர் சொல்வதைக் கேட்டால் இதுவும் நியாயமாகப் படுகிறது. இருவரும் ஒரே பள்ளியில், ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர்கள். வழக்கு முற்றிய பிறகு ஸலாம் சொல்வதையும் நிறுத்திக் கொள்கிறார்கள்.

தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்களைக் கேட்டறிய நாம் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட வாடகை மஸ்அலாக்களில் காட்டுவதில்லை. ஆனால் மாதா மாதம் கைமாறும் பணம் இது. இதில் வழி தவறினால், உண்பதும் உடுப்பதும் ஹராமோடு கலந்துவிடும். ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வாடகைக்கு விடுவதை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்று கூறுகின்றன. இஜாரா என்பது ஒரு வகை விற்பனைதான். வீடு விற்கப்படுவதில்லை, குறித்த காலத்துக்கு அவ்வீட்டில் குடியிருக்கும் பயன் விற்கப்படுகிறது. இந்த ஒரு சொல்லை, அதாவது 'பயன்' என்பதை, நன்றாக நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் எழும் சிக்கல்கள் பலவும் இதைக் கொண்டே அவிழும். வீட்டின் சுவரும் கூரையும் சொந்தக்காரருடையவை. பதினொரு மாதத்துக்கான பயனோ, ஒப்பந்தம் முடிந்த கணமே குடியிருக்க வந்தவருக்கு உரியதாகி விடுகிறது. அதற்கு ஈடாக வாடகை சொந்தக்காரருக்கு உரியதாகிறது.

விற்பனை எப்படி இரு தரப்பையும் கட்டுப்படுத்துமோ, அப்படியே இஜாராவும் கட்டுப்படுத்தும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஈமான் கொண்டோருக்கு ஆணையிடுகிறது. அதில் சிறிய ஒப்பந்தம், பெரிய ஒப்பந்தம் என்ற பாகுபாடு இல்லை. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் கூலிக்கு அமர்ந்த வரலாறு அல்கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. எட்டாண்டு கடமை, பத்தாண்டாக நிறைவு செய்தால் அது அவர்களின் விருப்பம் என்று கெடு பேசப்பட்டது. இவ்விரண்டில் நீண்ட கெடுவையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. கெடுவைக் குறைக்க வழி தேடும் நமக்கு, கெடுவைக் கூட்டிக் கொடுத்த ஒரு நபியின் வரலாறு இது.

எனவே 'நான்தான் குடியிருக்கவில்லையே, எதற்கு வாடகை?' என்ற வாதம் மார்க்கச் சட்டத்தில் அவ்வளவு எளிதில் நிற்காது. பயனை வாங்கியவர் அதை அனுபவிக்காமல் பூட்டி வைத்தாலும் வாடகை அவர் பொறுப்பே. பழம் வாங்கியவர் அதை உண்ணாமல் விட்டதற்காகக் கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்க முடியாதல்லவா?

ஆயினும் எதிர்பாராத இடையூறு வந்தால் என்ன செய்வது? இங்கேதான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு எழுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில், குடியிருப்பவருக்கு நேர்ந்த சொந்த இடையூறால் இஜாரா முறியாது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில் இதற்குக் காட்டும் உதாரணங்கள் சுவையானவை. குளியலறை விடுதியை வாடகைக்கு எடுத்தவருக்கு அடுப்பெரிக்க விறகு கிடைக்கவில்லை; பயணத்துக்கு வாகனப் பிராணியை வாடகைக்குப் பிடித்தவர் நோயில் படுத்துவிட்டார். இவற்றாலெல்லாம் ஒப்பந்தம் முறிவதில்லை. காரணம், இடையூறு ஆளுக்கு ஏற்பட்டதே தவிர வாடகைப் பொருளுக்கு ஏற்படவில்லை. வீடே இடிந்து விழுந்தால் அது வேறு. அன்றோடு இஜாரா முடிந்து, அதுவரையுள்ள வாடகைதான் சேரும்.

ஹனஃபி மத்ஹபோ 'உத்ர்' என்னும் உண்மையான இடையூறை ஏற்றுக் கொள்கிறது. கடை வைக்க இடம் பிடித்தவரின் முதல் முழுதும் அழிந்து போயிற்று என்றால், அவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஊரை விட்டே போக வேண்டிய நிலை வந்தாலும் அப்படியே. வலீமா சமைக்கப் பண்டாரியை அமர்த்திய பின் அந்தத் திருமண உறவே குலஉ வாங்கி முறிந்து போனால், யாருக்காகச் சமைப்பது? பல்லைப் பிடுங்க ஆள் அமர்த்திய பின் வலி நின்று போனால், நல்ல பல்லையா பிடுங்குவது? ஹிதாயாவில் காணும் உதாரணங்கள் இவை. ஒப்பந்தத்தைத் தொடர்ந்தால்தான் தீங்கு, அத்தீங்கோ ஒப்பந்தம் செய்தபோது ஏற்றுக் கொள்ளப்படாதது என்றால், முறிக்க அனுமதி உண்டு என்பதே அம்மத்ஹபின் அடிப்படை.

ஆனால் இதையே சாக்காக்கிக் கொள்வோர் கவனிக்க வேண்டும். அடுத்த தெருவில் இதைவிட வாடகை குறைந்த வீடு கிடைத்தது என்பது ஹனஃபிகளிடமும் உத்ர் ஆகாது. அதேபோல், கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் வந்தார் என்பதற்காகக் குடியிருப்பவரைக் கெடு முடியுமுன் கிளப்ப வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை. வேலை மாறியதாகச் சொல்லிக் காலி செய்துவிட்டு, நாலு தெரு தள்ளிக் குடியேறியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். பொய் உத்ருக்கு எந்த மத்ஹபும் பொறுப்பேற்காது.

நம் தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊரார் பெரும்பாலும் ஷாஃபிஈகள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தார் பெரும்பாலும் ஹனஃபிகள். சென்னையில் கீழக்கரைக்காரர் வீட்டில் ஆம்பூர்க்காரர் குடியிருந்தால் யார் மத்ஹபைப் பார்ப்பது? வழக்கு வந்த பிறகு இதைக் கேட்டால், அவரவருக்கு ஆதாயமான மத்ஹபையே அவரவர் பிடித்துக் கொள்வார்கள். ஆகவேதான் ஒப்பந்தம் எழுதும்போதே, 'இடையில் காலி செய்ய நேர்ந்தால் இத்தனை மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும்' என்று இரு தரப்பும் இசைந்து எழுதிவிட வேண்டும் என்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை நாம் ஓதிப் பரக்கத் தேடுகிறோம், எழுதத்தான் மறந்துவிடுகிறோம்.

கெடுவே பேசாமல் 'மாதம் இவ்வளவு' என்று மட்டும் சொல்லிக் குடிவந்திருந்தால், ஹனஃபி சட்டப்படி ஒவ்வொரு மாத முடிவிலும் இரு தரப்பும் விலகிக் கொள்ளலாம். அடுத்த மாதம் பிறந்து குடியிருப்பும் தொடர்ந்துவிட்டால் அந்த மாதம் முழுவதற்கும் கட்டுப்பட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி, மொத்தக் காலம் குறிக்காத அத்தகைய ஒப்பந்தமே செல்லாது. குடியிருந்த நாட்களுக்கு ஊர் வழக்கப்படியான வாடகைதான் சேரும். கெடுவைக் குறித்து எழுதுவது எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்தும் புலனாகும்.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். உத்ர் இல்லாமலே ஒருவர் கெடுவுக்கு முன் போகிறார். மீதி மாதங்களின் வாடகை அவர் பொறுப்பு என்று சொன்னோம். அப்படியானால் வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கழித்துக் கொள்ளலாமா?

ஒரு கணக்கை எடுத்துக் கொள்வோம். மாத வாடகை ரூ.12,000, அட்வான்ஸ் ரூ.60,000, கெடு 11 மாதம். 5 மாதம் குடியிருந்து வாடகையை ஒழுங்காகக் கொடுத்தவர் காலி செய்கிறார். மீதி 6 மாத வாடகை ரூ.72,000. 'அட்வான்ஸ் முழுதும் போக, நீர்தான் எனக்கு இன்னும் 12,000 தர வேண்டும்' என்கிறார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே சாவியையும் வாங்கிப் பையில் போட்டுக் கொள்கிறார். ஒன்றரை மாதத்தில் வேறொருவரைக் குடிவைத்து அவரிடமும் வாடகை வாங்குகிறார்.

இங்கேதான் 'பயன்' என்ற அந்தச் சொல்லை நினைவுகூர வேண்டும். 6 மாதத்துக்கும் பழையவரிடம் வாடகை வாங்கினால், அந்த 6 மாதப் பயன் பழையவருக்கே சொந்தம். அவருக்குச் சொந்தமான பயனை வீட்டுக்காரர் எடுத்துப் புதியவருக்கு விற்றது எப்படிச் செல்லும்? ஒரே ஆட்டை இருவருக்கு விற்றுவிட்டு இருவரிடமும் விலை வாங்கியது போன்றதே இது. ஒரு வீட்டின் ஒரு மாதப் பயனுக்கு ஒரு வாடகைதான் உண்டு. இரண்டாவது வாடகை, அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தில் தடுத்துள்ள, பிறர் பொருளை முறைகேடாக உண்ணும் வகையில் சேர்ந்துவிடும். ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரியே.

ஆகவே வீட்டுக்காரருக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. 'ஒப்பந்தம் நிற்கிறது' என்றால், சாவி குடியிருந்தவரிடமே இருக்கட்டும். அவர் விரும்பினால் வந்து இருப்பார். அல்லது தம்மைப் போன்ற குடும்பம் ஒன்றைப் பார்த்துக் குடிவைப்பார். வாடகைக்கு எடுத்தவர் அதே விதமாகப் பயன்படுத்தும் வேறொருவருக்கு விடலாம் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் உள்ளதுதான். (உள்வாடகை கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வீட்டுக்காரரின் சம்மதம் பெற வேண்டும்.) புதியவர் 11,000 தான் தருவார் என்றால் மாதம் 1,000 பழையவர் கைநஷ்டம். 'ஒப்பந்தம் முடிந்தது' என்றாலோ, சாவி வீட்டுக்காரர் கைக்கு வரும். அன்றோடு வாடகையும் நிற்கும். சாவியும் வேண்டும், வாடகையும் வேண்டும் என்பது மட்டும் நடவாது.

இதற்கு இடைப்பட்ட ஒரு நல்ல வழியும் உண்டு. புதியவர் குடிவரும் நாள் வரை ஒப்பந்தம் உயிரோடிருக்கட்டும். அந்நாள் வரை பழையவர் வாடகை தரட்டும். அந்நாளில் இருவரும் மனமொப்பி ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளட்டும். மேற்கண்ட கணக்கில், ஒன்றரை மாத வாடகையான 18,000ஐக் கழித்துக் கொண்டு 42,000ஐத் திருப்பித் தர வேண்டியது வரும். வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வாடகையும் குறையவில்லை. குடியிருந்தவருக்கு 60,000மும் பறிபோகவில்லை. இப்படி மனமொப்பி ஒப்பந்தத்தை விடுவிப்பதையே 'இகாலா' என்கிறோம். ஒரு முஸ்லிமை அவர் செய்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பவரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வான் என்ற கருத்தில் அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி அபூ தாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. விடுவிப்பதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்பதை ஷாஃபிஈ நூல்கள் ஏற்பதில்லை. இகாலா என்பது பழைய ஒப்பந்தத்தைக் கலைப்பதேயன்றிப் புது வியாபாரமன்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இகாலா செய்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டைக் குடியிருந்தவருக்கே திறந்து வைத்துவிட்டு, மாதந்தோறும் வாடகையைக் கேட்க ஷாஃபிஈ சட்டத்தில் அவருக்கு இடமுண்டு. இடமுண்டு என்பதற்காகவே ஆள் தேடாமல் ஆறு மாதம் வீட்டைச் சும்மா போட்டு வைப்பவரை மெச்ச நம்மால் முடியவில்லை. வீடு கேட்டு வருவோரை வேண்டுமென்றே திருப்பியனுப்பினால் அது பிறருக்குத் தீங்கிழைப்பதாகும்.

'இடையில் போனால் மூன்று மாத வாடகை அபராதம்' என்று எழுதிக் கொள்ளும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. இது கூடுமா என்று கேட்போருக்கு, புகாரியில் ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய பகுதியில் வரும் ஒரு தீர்ப்பைக் காட்டலாம். ஒட்டக வாடகைக்காரரிடம் ஒருவர், 'இன்ன நாளில் நான் உம்மோடு புறப்படாவிட்டால் உமக்கு 100 திர்ஹம்' என்றார், புறப்படவில்லை. வற்புறுத்தலின்றி, தானே விரும்பித் தன்மீது ஏற்றுக்கொண்ட நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தும் என்று காழி ஷுரைஹ் (ரஹ்) தீர்ப்பளித்தார்கள். இமாம்கள் பலர் இதனை ஏற்கவில்லை. இக்காலத்து உலமாக்களில், ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடி, இத்தகைய நிபந்தனையைச் சில வரம்புகளோடு அனுமதித்தது. உண்மையில் ஏற்பட்ட பொருள் நஷ்டத்துக்கே ஈடு. நஷ்டம் எதுவும் நேரவில்லை என்றோ, தம் சக்திக்கு மீறிய காரணத்தால் முறிக்க நேர்ந்தது என்றோ மெய்ப்பித்தால் அபராதம் இல்லை. மூலக் கடமை கடனாக இருக்குமிடத்தில் இந்நிபந்தனைக்கே இடமில்லை, அது வட்டியாகிவிடும். எனவே வாடகை தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு கூடுதல் என்று எழுதுவது தெளிவான வட்டி. அதை எழுதியிருப்போர் இன்றே அடித்துவிட வேண்டுகிறோம்.

நாட்டுச் சட்டமும் இதை ஒட்டியே செல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய அபராதத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடே கிடைக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டிராவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அதனைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகிறது.

அந்த முன்பணம் யாருடையது? 'அட்வான்ஸ் என் கையில்தானே இருக்கிறது' என்ற தைரியம்தான் பல வழக்குகளுக்கு வித்து. வாங்கியதைச் செலவழித்துக் கொள்ள வீட்டுக்காரருக்கு அனுமதி இருப்பதால், அது அவர் மீதுள்ள கடன் என்றே கொள்ள வேண்டும். பாக்கி போக மிச்சத்தைத் திருப்பித் தருவது கடனை அடைப்பதாகும். வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப் போடுவது அநீதி என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக் கொள்ளும் வழக்கமும் கவனிக்கத் தக்கது. குடியிருப்பவர் அவ்வீட்டுக்கு அமானிதக்காரர். அவர் அத்துமீறியோ அலட்சியத்தாலோ கெடுத்ததற்குத்தான் பொறுப்பாளி. புழக்கத்தில் மங்கிய சுவருக்குப் பொறுப்பாளி அல்லர். முதலிலேயே தொகை குறித்து ஒப்புக் கொண்டிருந்தால் அது வாடகையின் ஒரு பகுதியாகிவிடும். (பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பதை நம் மக்கள் 'லீஸ்' அல்லது 'ஒத்தி' என்கிறார்கள். அது கடன் கொடுத்து அதன்மேல் ஆதாயம் பெறுவதாகும். அதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை.)

கூரை ஒழுகி, தண்ணீர் நின்று, சொல்லிச் சொல்லியும் வீட்டுக்காரர் சரி செய்யாததால் ஒருவர் போகிறார் என்றால், அவர் ஒப்பந்தத்தை முறித்தவராகார். அவ்வாறு விலகிக் கொள்ளும் உரிமையை மார்க்கமே அவருக்குத் தந்திருக்கிறது. வாடகையை மீதி நாட்களுக்குக் கேட்பதற்கில்லை.

குடும்பத் தலைவர் மவுத்தாகிவிட்டால்? ஹனஃபி சட்டத்தில் இஜாரா அத்தோடு முடிகிறது. ஷாஃபிஈ சட்டத்தில் கெடு வரை நீடிக்கிறது. வாடகை அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். எதுவாயினும், விதவை நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டிய இடம் கணவரோடு வாழ்ந்த வீடே. கணவரை இழந்த ஃபுரைஆ (ரலி) அம்மையார், தம் கணவர் சொந்த வீடு எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று முறையிட்டும், இத்தா முடியும் வரை இருந்த வீட்டிலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வாடகைக்காரர் போய்விட்டார் என்று ஜனாஸா எடுத்த மறுவாரமே வீட்டைக் கேட்பவரும், இத்தா முடிந்து தகப்பன் வீடு செல்லும் பெண்ணிடம் மீதிக் கெடுவுக்குக் கணக்கெழுதுபவரும் இந்த ஹதீஸை ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும். அவளுக்கும் யதீம்களுக்கும் பாகமுள்ள சொத்திலிருந்துதான் அந்த வாடகை வர வேண்டியிருக்கிறது.

கடைசியாகப் பள்ளிவாசல் கடைகள். மேலே இகாலாவைச் சிறப்பித்துச் சொன்னோம். அது தம் சொந்த வீட்டை விட்டவருக்கு. முத்தவல்லிக்கோ, யதீம்களின் வீட்டைப் பராமரிப்பவருக்கோ அவ்வாறு கைவிரித்து விட்டுக் கொடுக்க அதிகாரமில்லை, பொருள் அவருடையதன்று. வக்ஃபுக் கடையை ஒருவர் கெடுவுக்கு முன் காலி செய்தால், வேண்டியவர் என்பதற்காகப் பாக்கியைத் தள்ளிவிடுவது அமானிதத்துக்குத் துரோகம். அவர் போனால் உடனே நல்ல வாடகைக்கு ஆள் கிடைக்கும், வக்ஃபுக்கு அதுவே நலம் என்றிருந்தால் விடுவிக்கலாம். அப்படி விடுவிக்கும்போது நிர்வாகக் குழுவில் வைத்து, காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, அட்வான்ஸ் கணக்கை ஜுமுஆவுக்குப் பின் ஜமாஅத்தார் பார்க்கும்படி பலகையில் ஒட்டிவிட வேண்டும். கடைக்காரர் உண்மையிலேயே நொடித்துப் போனவராக இருந்தால், அல்பகராவின் 280ஆம் வசனப்படி வசதி வரும் வரை அவகாசம் தரலாம்; வாடகைப் பாக்கியை முத்தவல்லி தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டி அவரை விடுவிப்பதையும் யாரும் தடுக்கப் போவதில்லை.